எக்ஸ்ரே வேன் வராத தெரு

அந்த டாக்டர் அண்ணியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய கையைத்தான் பார்த்தார். காஞ்சிபுரத்தில் நல்ல பெயர் எடுத்த தனியார் மருத்துவமனை. டோக்கன் வாங்கி, வெகுநேரம் காத்திருந்து, நானும் அண்ணியும் உள்ளே போயிருந்தோம். அண்ணியின் கையில் வளையல்கள், கழுத்தில் கனமான தாலிச் சரடு, உட்காரும்போது மேசைமேல் வைத்த கார் சாவி. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிட்டு, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்றார். சொன்னோம். "கிரஷர் லாரி ஓடுற ரோடாச்சே. டஸ்ட் அலர்ஜி" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தது அதற்குப் பிறகுதான். ஒரு சிரப், ஒரு இன்ஹேலர், வீட்டு ஏசியின் ஃபில்டரைக் கழுவச் சொல்லி ஒரு யோசனை. தீபாவளிக்கு முன்பு தொடங்கிய இருமல் பொங்கல் வந்தும் நிற்கவில்லை என்று நான் சொன்னேன். சாயங்காலமானால் காய்கிறது, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்றும் சொன்னேன். "டயட்டா?" என்று சிரித்தார். சளியைப் பரிசோதிக்கலாமே என்று அவர் சொல்லவில்லை. அடுத்து நாங்கள் பார்த்த டாக்டரும் சொல்லவில்லை. வளையல் போட்ட கைக்கு அந்த வியாதி வராது என்று அவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம்.

அண்ணி செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பா போன பிறகு நிலபுலன்களைப் பார்த்துக்கொண்டது அண்ணிதான். அண்ணனுக்கு ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஏறினால் தூங்குவார், இறங்கினாலும் தூங்குவார். ரோட்டோரம் இருந்த எங்கள் துண்டு நிலம் ஒன்று பிளாட் போடப் போனதில் வீட்டுக்கு ஏசி வந்தது, கார் வந்தது. அண்ணன் அந்தக் காரை ஓட்டப் பயந்து உறைபோட்டு நிறுத்தி வைத்தார். அண்ணி உறையை எடுத்துவிட்டு உத்திரமேரூருக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். ஊரில் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுவார்கள். கார் ஓட்டி நெல் மூட்டைக்குச் சாக்கு வாங்கப் போன பெண் அண்ணிதான்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். தலா வருமானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு வட்டாரத்தின் மொத்த வருமானத்தைக் கூட்டி அங்கிருக்கும் தலைகளால் வகுத்துவிட்டால், அந்த வட்டாரம் பணக்கார வட்டாரமா ஏழை வட்டாரமா என்று தெரிந்துவிடும். பணம் சேர்ந்த இடங்களில் காசநோய் குறைவாகவும், சேராத இடங்களில் அதிகமாகவும் இருக்கும் என்பதும் பாடத்தில் வரும். பொய்யில்லை. நல்ல சாப்பாடும் காற்றோட்டமான வீடும் கைக்கெட்டிய வைத்தியமும் இருக்கிற உடம்பில் அந்தக் கிருமி அவ்வளவு சுலபமாகக் கொட்டாய் போட்டு உட்காராது. தொழிற்சாலைகளின் புண்ணியத்தில் எங்கள் பக்கம் வசதியான பக்கம் என்றுதான் கணக்கில் வரும். அந்தக் கணக்கில் எங்கள் மாடி வீடும் சேர்த்தி, எங்கள் வயலுக்கு ஆள் கூட்டி வரும் மேஸ்திரியம்மாவின் ஓட்டு வீடும் சேர்த்தி. கூட்டி வகுத்தால் இரண்டு பேரும் பாதிப் பாதி பணக்காரர்கள்.  

நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு வருகிறவரை எங்கள் பக்கம் மேஸ்திரி என்போம். எங்கள் நிலத்துக்கு வந்த மேஸ்திரியம்மா, ஊருக்கு வெளியே காலனியில் இருந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் எந்த வயலில் சேறு ஆழம், எந்த மடையில் தண்ணீர் தங்கும் என்று கேட்டால் பட்டா வைத்திருப்பவர்களைவிடச் சத்தமாகச் சொல்லுவார். சத்தம்தான் அவருடைய சொத்து. வரப்பில் நின்று அவர் கூப்பிட்டால் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருடைய கணவர் கிரஷரில் கல் உடைத்து, இருமி இருமிச் செத்துப்போனவர். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அவர் கூடவே இருந்தார்கள். அவருக்குக் கீழே வேலை செய்த பெண்கள் அத்தனை பேர் வீட்டு உலையும் அவர் வாங்கித் தரும் வேலையில்தான் கொதித்தது.

எங்கள் நிலம் ஒரே இடத்தில் இல்லை. கொஞ்சம் ஏரிக்கு அடியில், கொஞ்சம் காவாந்தண்டலம் பக்கம், இன்னும் கொஞ்சம் பழையசீவரம் போகிற வழியில். எந்த வயலுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று பார்க்க அண்ணி போகும்போதெல்லாம் மேஸ்திரியம்மாவையும் காரில் ஏற்றிக்கொள்வார், அதுவும் முன்சீட்டில். முதல் நாள் மேஸ்திரியம்மா செருப்பைக் கழற்றி ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டு ஏறியிருக்கிறார். வயலில் இறங்கிய பிறகுதான் இருவருக்குமே அது தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தால் செருப்பு அங்கேயே இருந்தது. அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "பின்னாடி உக்கார வச்சா ஆவாதா? ஊரு பாக்குது" என்றாள். "பின்னாடி உக்காந்தா நான் அவங்களுக்கு டிரைவர் மாதிரி ஆயிடுவேனே அத்தை" என்றார் அண்ணி. 

அந்த ரோட்டில் கிரஷர் லாரிகள் ஓய்வில்லாமல் ஓடும். கண்ணாடியை இறக்கினால் வாயெல்லாம் மண். அதனால் நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். "வெடவெடன்னு கீது சின்னம்மா, கொஞ்சம் கொறச்சி வையி" என்று மேஸ்திரியம்மா முந்தானையைப் போர்த்திக்கொள்வார். தீபாவளிக்கு முன்பிருந்தே அந்த மூடிய காருக்குள் உட்கார்ந்து அண்ணி இருமினார். அவர் இருமும்போதெல்லாம் பக்கத்திலிருந்து முதுகைத் தடவிக் கொடுத்தவர் மேஸ்திரியம்மா.

மாசி மாதம் ஊருக்கு ஒரு எக்ஸ்ரே வேன் வந்தது. காசநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கிற வண்டி. காலனிப் பக்கம் நிறுத்தி எல்லோருக்கும் எடுத்தார்கள். முடித்துவிட்டு, உங்கள் தெருவுக்கும் வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு வேனில் வந்திருந்த ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தார். வாசலில் நின்றிருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா சொன்னாள், "எங்க தெருவுல அந்த வியாதி யாருக்கும்மா கீது? சாப்பாட்டுக்கு இல்லாதவங்களுக்கு வர்றது அது. வண்டிய அந்தப் பக்கமே வச்சிக்கோங்க." அந்தப் பெண்ணுக்கு வெயிலில் முகம் சிவந்திருந்தது. அம்மா மோர் கொடுத்து அனுப்பினாள். உள்ளே கூடத்தில் அண்ணி இருமிக்கொண்டிருந்தார். வேனைத் தெருவுக்குள் விட்டால் இந்தத் தெருவுக்கும் அந்த வியாதி உண்டு என்று அடுத்த ஊர்க்காரர்கள் பேசுவார்கள், பெண் கொடுக்க எடுக்க யோசிப்பார்கள் என்பதுதான் விஷயம். கல்யாணத்துக்கு நின்றவள் நான். அதனால் அந்த மோருக்கு நானும் ஒரு காரணம்.

வைகாசியில் ஒருநாள் காலையில் அண்ணி துப்பிய சளியில் ரத்தம் இருந்தது. செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு அண்ணியின் வளையலைப் பார்க்க நேரமில்லை. வெளியே அவ்வளவு கூட்டம். ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "நல்லா இருமி சளிய எடுத்துட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். காசநோய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. மாத்திரை தொடங்கியது. வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூவரையும் பரிசோதித்தார்கள், எங்களுக்கு இல்லை. வேறு யாருடன் நெருங்கிப் பழகினீர்கள் என்று கேட்டபோது அண்ணி கொஞ்சம்கூட யோசிக்காமல், காரில் கூட வருவாங்க என்று மேஸ்திரியம்மாவைச் சொன்னார். ஆனியில் அவருக்கும் இருப்பது தெரிந்தது.

ஊரில் செய்தி பரவிய விதம்தான் விசித்திரம். அண்ணிக்கு நிமோனியா என்று வெளியே சொல்லி வைத்திருந்தோம். மேஸ்திரியம்மாவுக்கு மாத்திரை கொடுக்கக் காலனிக்கே ஆள் போனதால் அவருக்கு வந்தது முதலில் தெரிந்தது. அப்புறம் எப்படியோ அண்ணிக்கு வந்ததும் கசிந்தது. இரண்டையும் சேர்த்து ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. முன்சீட்டில் உட்கார வைத்ததற்குக் கிடைத்த பலன் என்றார்கள். புருஷன் அதே இருமலில் செத்தவர்தானே என்றார்கள். எங்கள் பெரியப்பா, இனி மேஸ்திரியம்மாவின் ஆட்களை நடவுக்குக் கூப்பிடுவதில்லை என்று தெருவில் எல்லோரிடமும் பேசி முடித்தார். வேறு பக்கத்திலிருந்து ஏஜெண்ட் மூலம் ஆள் இறக்கலாம் என்றார்கள். அம்மாவும் சரியென்றாள். படுத்திருந்த அண்ணியிடம் இது எதையும் யாரும் சொல்லவில்லை.

ஆடி கடைசியில் நாற்று எழும்பி நின்றது. அண்ணிக்கு அதற்குள் உடம்பு தேறிவிட்டது. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு பசி எடுக்கும். அம்மா பாலும் முட்டையும் நாட்டுக்கோழிச் சாறுமாக ஊற்றிப் பிழைக்க வைத்திருந்தாள். அம்மாவைக் குறை சொல்லவே முடியாது, மருமகளை மகளாகத்தான் பார்த்தாள். வயலைப் பார்க்கக் கிளம்பிய அண்ணி, "மேஸ்திரியம்மா ஏன் வரலை?" என்று கேட்டார். அம்மா எதையோ சொல்லி மழுப்பினாள். அண்ணி சாவியை எடுத்துக்கொண்டார். நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

மேஸ்திரியம்மா வீட்டுக்குள் இல்லை. வீட்டுக்குப் பின்னால், விறகு போட்டு வைக்கிற சார்ப்புக் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார். இனி ஒட்டாது, வீட்டுக்குள் போகலாம் என்று மாத்திரை கொடுக்க வந்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. வேலையில்லாத வீட்டில் அந்தப் பசிக்கு எதைப் போடுவது? காலையில் கஞ்சி, ராத்திரி ரேஷன் அரிசிச் சோறு. எங்கள் வீட்டில் கிருமி செத்துக்கொண்டிருந்தது, இங்கேயும் செத்துக்கொண்டிருந்தது, ஆனால் இங்கே அதோடு சேர்ந்து ஆளும் தேய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. எங்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டினார். "கிட்ட வராதே சின்னம்மா. ஒரு தபா உனக்குக் குடுத்தது போதும். அந்தப் பாவத்தையே எங்க கொண்டும்போயி தொலைக்கிறதுன்னு தெரில" என்றார்.

திரும்பி வரும்போது அண்ணி பாதி வழியில் காரை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அவங்க என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க பாப்பா" என்றார்.  மாசியில் எடுத்த எக்ஸ்ரேயில் மேஸ்திரியம்மாவின் நெஞ்சு சுத்தமாக இருந்தது என்பது அண்ணிக்கு அன்றுதான் தெரிந்தது. அவருடைய மருமகள் படத்தைப் பத்திரமாகப் பையில் வைத்திருந்து காட்டியிருந்தாள். மாசியில் அண்ணி இருமத் தொடங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. மறுநாளே செங்கல்பட்டுக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டார். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களிடமிருந்து போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றாராம்.

சுதந்திர தினத்தன்று எங்கள் ஊரில் கிராம சபை கூடும். அதற்கு முந்தின நாள் அண்ணி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். துணி காயப்போடுகிற சாக்கில் பேசினார். எனக்கு அப்போது ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது, ஆவணியில் நிச்சயம் செய்வதாகப் பேச்சு. "நாளைக்கு சபையில எழுந்து சொல்லிடலாம்னு இருக்கேன். சொன்னா உன் சம்பந்தம் நின்னாலும் நிக்கும். உன்னைக் கேக்காம சொல்லமாட்டேன்" என்றார். ஒரு துண்டை உதறிப் போட்டுவிட்டு, "ஆனா வேணாம்னு சொல்லிடாதே" என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். நாளைக்கு டபுள் டியூட்டி கேட்டு வாங்கிக்கிட்டாரு" என்றார். வகுப்பில் எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கிறவள் நான். அன்று எவ்வளவு தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "சொல்லுங்க அண்ணி" என்றேன்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை, அவர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு கல்யாணமாகி, பெண் பார்க்க வந்த நாளிலேயே இந்தக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு இன்னொரு காபி கேட்ட மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன். அண்ணியும் மேஸ்திரியம்மாவும் இரண்டு பேருமே மாத்திரையை முடித்துக் குணமானார்கள். சபைக்குப் பிறகு தினமும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எங்கள் அடுப்பில் சமையல் நடந்தது. பேரப்பிள்ளைகள் முன்னால் சாப்பிட்டால்தான் மேஸ்திரியம்மாவுக்கு இறங்கும் என்று அண்ணி பாத்திரத்தைக் காலனிக்கே தூக்கிக்கொண்டு போவார். ஆனால் நடுவில் பசியோடு கிடந்த அந்த நாட்களின் பாக்கி மேஸ்திரியம்மா உடம்பில் இன்றும் இருக்கிறது. அண்ணி இப்போது பழையசீவரம் மலைக்கோயில் படியை மூச்சிரைக்காமல் ஏறுகிறார். மேஸ்திரியம்மா ஏரிக்கரை மேட்டிலேயே ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். ஒரே கிருமி, ஒரே மாத்திரை, பக்கத்துப் பக்கத்து சீட். பாடப் புத்தகம் சொல்வது பொய்யில்லை என்று மேலே சொன்னது இதை நினைத்துத்தான்.

சபை பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு நடந்தது. முன்னால் எங்கள் தெருக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், பின்னால் காலனிக்காரர்கள் கொஞ்சம் பேர் தரையில், மிச்சம் பேர் வெயிலில். மேஸ்திரியம்மாவை மருமகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து கடைசிக் கம்பத்துப் பக்கம் உட்கார வைத்திருந்தாள். அண்ணி வரச் சொல்லி அனுப்பியிருந்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. குடிதண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை எல்லாம் பேசி முடிந்து, வேறு யாராவது பேச வேண்டுமா என்று தலைவர் கேட்டது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். அண்ணி எழுந்தார். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. எச்சில் பட்டால் அடுத்து வாங்குகிறவர் யோசிப்பார் என்பதற்காக என்று பிறகு சொன்னார்.

"எனக்கு டிபி வந்துது. நிமோனியா இல்ல, டிபி. மாத்திரை சாப்புட்டுக்கினு கீறேன், இப்ப யாருக்கும் ஒட்டாது" என்று தொடங்கினார். செங்கல்பட்டுக்காரர் அன்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினார். "மேஸ்திரியம்மாவுக்கும் வந்துது. அவங்களாலதான் எனக்கு வந்துதுன்னு ஊர்ல பேசிக்கினு கீறீங்க. மாசி மாசம் வேனுல படம் எடுத்தப்ப அவங்க நெஞ்சு சுத்தமா இருந்துது. எடுத்த படம் கீது, வந்து பாருங்க. அந்த மாசம் நான் இருமிக்கினு இருந்தேன். நம்ம தெருவுக்கு வேனை வரவேணாம்னு சொல்லிட்டோம். டாக்டரம்மா அடிச்சி சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா மொதல்ல இருமினவ நான். கார் கண்ணாடிய ஏத்திட்டு அவங்க பக்கத்துல உக்காந்து இருமினவ நான். அவங்க எனக்குக் குடுக்கல. நான்தான் அவங்களுக்குக் குடுத்திருக்கேன்."

 சாமியானாத் துணி காற்றில் அடித்துக்கொண்டது மட்டும் கேட்டது. நான் என் வாழ்க்கையில் நிறையப் பேச்சு கேட்டிருக்கிறேன், கருத்தரங்குகளில் கைதட்டியிருக்கிறேன். அன்று கைதட்டக்கூடத் தோன்றவில்லை. இந்த மனுஷிக்கு இது எங்கிருந்து வந்தது என்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர், சீரியல் பார்த்து அழுகிறவர், சோற்றுக்கு அப்பளம் இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்.

பின்னாலிருந்து மேஸ்திரியம்மா எழுந்தார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அழுவார் என்று நினைத்தேன், கையெடுத்துக் கும்பிடுவார் என்று கூட நினைத்தேன். அவருக்குக் கோபம். "இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா சின்னம்மா? எம் பேரப்புள்ள ஆயா ஆயான்னு கத்திக்கினு வர்றான், நான் கிட்ட வராதேன்னு கல்லெடுத்துக் காட்டிக்கினு கீறேன். நானே குடுத்துட்டேன், நானே குடுத்துட்டேன்னு ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடந்தேன். நீ வூட்டுக்குள்ள இன்னா பண்ணிக்கினு இருந்தே?" நெஞ்சில் காற்று இல்லாததால் சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எங்கள் தெருக்காரர்கள் சிலர் நாற்காலியில் நெளிந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணை, எல்லோர் முன்னாலும், அவர் இப்படிக் கேட்பதை யாரும் பார்த்ததில்லை. அண்ணி தலையைக் குனியவில்லை. அவர் கேட்டு முடிக்கும்வரை அவரைப் பார்த்தபடியே நின்றார். முடிந்ததும், "தப்புதான்" என்றார்.

பெரியப்பா, "சரி சரி, அதான் சொல்லியாச்சே, உக்காரும்மே" என்றார்.

"உக்கார மாட்டேன்" என்றார் மேஸ்திரியம்மா. "எங்க ஆளுங்கள நடவுக்குக் கூப்புடறதில்லன்னு தெருவுல பேசி முடிச்சீங்களே, நாத்து முத்திக்கினு நிக்குது. வேணாம்னு சொன்னவங்க அத்தினி பேரும் இப்ப இங்கதான் கீறீங்க. ஒவ்வொருத்தரா கூப்புடுங்க. அதுக்கப்பறம் உக்கார்றேன்."

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.  மேஸ்திரியம்மாவின் கால் நடுங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மருமகள் தாங்கப் போனாள், கையைத் தட்டிவிட்டார். அண்ணியும் தன் நாற்காலியில் உட்காரவில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம்.

எனக்குப் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். வேனைத் திருப்பி அனுப்பிய அம்மா, ஏஜெண்டுக்குச் சரியென்று சொன்ன அம்மா.  "எங்க வூட்டு நடவு நாள மறுநாளு. ஆளுங்கள நீயே இட்டுக்கினு வா" என்றாள். மேஸ்திரியம்மா தலையை மட்டும் ஆட்டினார். உட்காரவில்லை. அடுத்து இரண்டாவது வரிசையிலிருந்து ஒருவர், நமக்கும் வா என்றார். அதற்கடுத்து ஒருவர். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, சொன்னவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் பெரியப்பா மட்டும் மிச்சம். அவர் செல்போனைப் பார்த்தார், துண்டை உதறினார், வேலிப்பக்கம் பார்த்தார். சபை முழுக்க அவரைப் பார்த்தது.

"சரி, வா" என்றார்.

"யாராண்ட சொல்றீங்க? வந்து எங்க நாத்த நட்டுக் குடுன்னு சொல்லுங்க" என்றார் மேஸ்திரியம்மா.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "வந்து எங்க நாத்த நட்டுக் குடும்மா" என்றார்.

மேஸ்திரியம்மா கம்பத்தைப் பிடித்தபடியே மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகு அண்ணி உட்கார்ந்தார். அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி" என்றாள். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.